நாற்பத்தோர் இழைகள்

வெள்ளைத்தாய் முப்பத்து நான்கு வருடம் நடந்தாள். நடந்து எங்கும் போய்ச் சேரவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் சைடர் வேலை. எதிரெதிரே இரண்டு மெஷின், நடுவில் ஒரு சந்து. சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். திரும்ப வேண்டும். மறுபடியும் போக வேண்டும். இரண்டு பக்கமும் நூலை முறுக்கும் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுற்றிக்கொண்டிருக்கும். எங்காவது இழை அறுந்தால் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு ஷிப்டில் அவள் நடப்பது ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வரும் என்று சூப்பர்வைசர் ஒருமுறை கணக்குப் போட்டுச் சொன்னார். “அப்படியே போயிப் பால்கோவாவாவது வாங்கிட்டு வந்திருப்பனே சார்” என்றாள்.

பத்தொன்பது வயதில் உள்ளே போனாள். முதல் வருடம் கண் பார்த்தது, மூளை சொன்னது, கை ஒட்டியது. மூன்றாவது வருடம் மூளை விலகிக்கொண்டது. பத்தாவது வருடத்துக்குப் பிறகு கண்ணும் பெரிதாகத் தேவைப்படவில்லை. பக்கத்துச் சைடுக்காரியிடம் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருப்பாள், கை தன் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

மில்லை விட்டு மூன்று வருடம் ஆயிற்று. கை விடவில்லை. ஒருநாள் பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் சட்டைக் காலரில் ஒரு நூல் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் அதை உள்ளே முறுக்கிச் சரிசெய்துவிட்டாள். அவர் பிடரியைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். வெள்ளைத்தாய் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். அவள் புருசன் சோலைச்சாமி எழுந்து நின்று, “பூச்சி சார்” என்றார்.

சோலைச்சாமி ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். இப்போது வீட்டில் இருக்கிறார். அதாவது, வெள்ளைத்தாய் சொல்கிற இடத்தில் இருக்கிறார்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை இருவரும் விடியற்காலையிலேயே கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைக் கூட்டத்தில் நின்று சேவித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் இறங்கினார்கள். திரும்பும் வழியில்தான் அந்த மியூசியம் இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து மலைப் பக்கமாக ஒரு கிலோமீட்டர். பத்து ஏக்கர் மாந்தோப்புக்குள் வெள்ளையாக ஒரு கட்டடம். தோப்பு முழுக்க இரும்பிலும் கல்லிலும் சிலைகள். ஊரில் அதற்குத் தோப்பு மியூசியம் என்று பெயர். நவீன ஓவியம், நவீன சிற்பம் என்று வாசலில் எழுதியிருந்தார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வந்து என்ன பார்த்தோம் என்று சொல்லாததால் ஊரில் அதைப் பற்றி நல்ல அபிப்பிராயமே இருந்தது.

அங்கே வழிகாட்டியாக இருப்பவள் அனுசியா. வெள்ளைத்தாயின் தங்கை அழகுத்தாயின் மகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பி.ஏ. வரலாறு படித்தவள். ஆறு மாதம் தற்காலிக வேலை, திருப்தியாக இருந்தால் நிரந்தரம் என்பது பேச்சு. இந்த வேலைக்குப் பின்னால் வீட்டில் ஒரு உடன்படிக்கை இருந்தது. வேலை நிரந்தரமானால் மாப்பிள்ளைப் பேச்சை இரண்டு வருடம் எடுக்கக் கூடாது. ஆகாவிட்டால் சிவகாசிக்காரர் வீட்டுக்குச் சரி சொல்லிவிட வேண்டும். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்து இதைப் பேசி முடித்தவள் வெள்ளைத்தாய்தான். சிவகாசிக்காரர் வீட்டுப் பையன் நல்ல பையன். அனுசியாவுக்கு அவனைப் பார்த்தால் கொட்டாவி வந்தது. வேறு குறை இல்லை.

அந்தச் சனிக்கிழமையோடு ஆறு மாதம் முடிந்தது.

“இன்னைக்குத்தானா வரணும் பெரியம்மா?” என்றாள் அனுசியா, டிக்கெட் கவுண்டர் பக்கத்தில். “சாயந்தரம் மேடம் முடிவு சொல்லுதாக. சென்னையிலேர்ந்து ஆர்ட்டிஸ்ட் வேற வாராரு.”

“நாங்க என்ன உன் வேலையைப் பிடுங்கவா வந்திருக்கோம்? ஒரு ரவுண்டு சுத்திப் பாத்துட்டுப் போறோம்.”

“எதையும் தொடக் கூடாது. பாக்க வந்தவுக தொட்டாலும் கூட இருக்க வழிகாட்டிதான் பொறுப்பு. எனக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருக்கு.”

“நீ என்னட்டி செஞ்ச?”

“நான் செய்யல. மகாராஜபுரத்துலேர்ந்து ஒரு வேன் ஆளுக வந்தாக. அதுல ஒருத்தர் அந்த வெண்கலச் சிலை கையில ஈரத் துண்டக் காயப்போட்டுட்டாரு.”

“கை நீட்டித்தான வச்சிருக்கு” என்றார் சோலைச்சாமி.

முதலில் கட்டடத்துக்குள் போனார்கள். ஒரு சுவர் அளவுக்கு நீல நிறத்தில் ஒரு படம். அனுசியா தாழ்ந்த குரலில், இது ஆழம், இது தனிமை என்று விளக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைத்தாய் படத்தின் ஓரத்துக்குப் போய், பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள்.

“நல்ல காடாத் துணி. நெசவு ஒழுங்கா இருக்கு. எதுக்கு இப்பிடி பெயிண்ட்டக் கொட்டிக் கெடுத்தான்?”

மில் இரைச்சலில் பேசிப் பழகிய குரல். மூன்று அறை தள்ளி நின்ற காவலாளி எட்டிப் பார்த்தார்.

தோட்டத்தில் தலையில்லாத ஒரு வெண்கலப் பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். துண்டு காய்ந்த கை. வெள்ளைத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “தலை இல்லாம எம்புட்டு நிம்மதியா நிக்கா பாரு.”

சோலைச்சாமிக்கு ஒரு இரும்புத் தகடு பிடித்திருந்தது. லாரி அளவுக்கு வளைந்து மண்ணில் பாதி புதைந்திருந்தது. “இதுக்குப் பின்னால எட்டுப் பேரு பதுங்கலாம்” என்று அனுசியாவிடம் சொன்னார். “ஒம்பதாவது ஆளுக்கு அடி விழும்.” தன் விளக்கத்தைவிட இது நன்றாக இருப்பதாக அனுசியாவுக்குத் தோன்றியது.

இரண்டு மணி நேரம் ஆகும் என்று அவள் நினைத்திருந்தாள். வெள்ளைத்தாய் ஏறக்குறைய பத்து ஏக்கரையும் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, தொடங்கிய இடத்தில் வந்து நின்றாள். மற்றவர்கள் ஒன்றின் முன்னால் நின்று பார்ப்பார்கள். அவளுக்கு நின்று பார்க்கத் தெரியாது. போய்க்கொண்டே பார்ப்பாள், திரும்பி வரும்போது மிச்சத்தைப் பார்ப்பாள்.

அப்போது அனுசியாவின் போன் அடித்தது. இயக்குநர் கனகலட்சுமி. ஆர்ட்டிஸ்ட் வந்துவிட்டார், ஆபீசுக்கு வா என்றார்.

“பெரியப்பா, இங்கனயே உக்காந்திருங்க. பத்து நிமிசத்துல வாரேன்.”

சோலைச்சாமி அங்கிருந்த கல்லைச் சந்தேகமாகப் பார்த்தார். “இதுல உக்காரலாமா, இல்ல இதுவும் சிலையா?”

“பெஞ்சுதான் பெரியப்பா.”

மலை ஏறி இறங்கிய களைப்பு. அவர் உட்கார்ந்த உடனே கண் சொருகிவிட்டது. வெள்ளைத்தாய் அடுத்த ரவுண்டு கிளம்பினாள். இந்த முறை மறுபக்கமாக.

தோப்பின் மேற்கு ஓரத்தில், முதல் ரவுண்டில் அவர்கள் போகாத ஒரு மூலை இருந்தது. துருப்பிடித்த இரண்டு இரும்புச் சட்டங்கள், பதினாறடி இடைவெளியில் எதிரெதிராக நின்றன. இரண்டுக்கும் நடுவில் நூல் கட்டியிருந்தார்கள். வெள்ளை நூல். முன்னூறு இழை. லேசான தொய்வோடு, நெஞ்சு உயரத்திலிருந்து முழங்கால் வரை, அடுக்கடுக்காக. நடுவே ஒரு ஆள் நடக்கும் அளவுக்குச் சந்து விட்டிருந்தார்கள்.

பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. ‘ஆடி முதல் மார்கழி வரை’ என்று தலைப்பு. கீழே சின்ன எழுத்தில் நான்கு வரி. அதற்கும் கீழே, தொடாதீர்கள்.

வெள்ளைத்தாய் பலகையைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது வேறு. வலது பக்கத்தில் மூன்றாவது இழை அறுந்து தொங்கியது. அதற்கு நான்கு தள்ளி இன்னொன்று. இடது பக்கத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு.

இருபதாம் நம்பர் நூல், இரட்டை முறுக்கு என்று மனதில் ஓடியது. அதற்குமேல் மனதில் எதுவும் ஓடவில்லை.

அறுந்த இரண்டு முனைகளையும் எடுத்தாள். முறுக்கைப் பிரித்து, பஞ்சு பஞ்சாக்கி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, நாக்கில் தொட்ட விரலால் ஒரு உருட்டு. முடிச்சு கிடையாது. முடிச்சுப் போடுகிறவர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. இழை ஒன்றாகி, நிமிர்ந்து நின்றது. அடுத்தது. அடுத்தது. சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, திரும்பி மறுபடியும். காற்று வீசியது. மாமரத்தில் அணில் கத்தியது. மூன்று வருடமாக இடுப்பில் உட்கார்ந்திருந்த வலியைக் கொஞ்ச நேரம் காணவில்லை.

பெஞ்சுக்குத் திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. புருசனை எழுப்பிவிட்டு, தூக்குச்சட்டியிலிருந்து புளியோதரையை எடுத்து வைத்தாள்.

“அங்கன ஒரு சைடு பூரா அறுந்து கெடந்துச்சு. கவனிக்க ஆளே இல்ல போல. ஒட்டிட்டு வந்தேன்.”

“நல்ல காரியம்” என்றார் சோலைச்சாமி.

இரண்டாவது வாய் சாப்பிடும்போது அனுசியா ஓட்டமும் நடையுமாக வந்தாள். “மேடம் நல்லாப் பேசுதாக பெரியம்மா. லெட்டர் டைப் பண்ணியாச்சாம். கையெழுத்துதான் பாக்கி. இப்ப ஆர்ட்டிஸ்டக் கூட்டிக்கிட்டு அந்த நூல் வேலையப் பாக்க வாராக.”

“எந்த நூலு? நான் ஒட்டினனே, அதுவா?”

அனுசியா அப்படியே நின்றாள்.

“எத்தன?”

“எண்ணலட்டி. ஒரு நாப்பது இருக்கும்.”

“நாப்பத்தொண்ணு” என்றாள் அனுசியா. அந்த எண்ணை ஒவ்வொரு நாளும் காலையில் எண்ணி நோட்டில் எழுதுவது அவள் வேலை. “பெரியம்மா, அது அறுறதுக்காகவே கட்டினது. வெயில்லயும் மழையிலயும் காத்துலயும் அதுவா அறணும். ஆறு மாசம் யாரும் தொடக் கூடாது. அதுதான் அந்தச் சிற்பமே.”

வெள்ளைத்தாய் சோற்றுக் கையோடு யோசித்தாள். “அறுறதுக்குன்னு ஒருத்தன் நூலு கட்டுவானாட்டி?”

“கட்டிட்டானே!”

“சரி, கத்தாத. போயி மறுபடி அத்து விட்டுருவோம்.” எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். “எதெதுன்னு எப்படிட்டி தெரியும்? ஒட்டினதையெல்லாம் ஞாபகம் வச்சிக்கிட்டா மனுசி பொழைக்க முடியுமா?”

அதற்குள் பாதையில் இரண்டு பேர் வருவது தெரிந்தது. கனகலட்சுமி கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிறவர். ஆர்ட்டிஸ்ட் ராம்கி ஒல்லியாக, கழுத்தில் கேமராவும் கையில் நோட்டுமாக வந்தான். அவர்கள் நேராக நூல் பக்கம் திரும்பினார்கள். அனுசியா பின்னால் ஓடினாள். வெள்ளைத்தாயும் சோலைச்சாமியும் கையைக் கழுவிக்கொண்டு பின்தொடர்ந்தார்கள்.

ராம்கி சந்துக்குள் நுழைந்தான். கேமராவைத் தூக்கினான். இறக்கினான். நோட்டைப் பார்த்தான். இழைகளைப் பார்த்தான்.

“மேடம், ஒண்ணுகூட அறுந்து இல்ல.”

கனகலட்சுமி அனுசியாவைப் பார்த்தார். “காலையில் எண்ணினாயா?”

“நாப்பத்தொண்ணு இருந்துச்சு மேடம்.”

“இப்போது?” குரல் தாழ்ந்துவிட்டது.

வெள்ளைத்தாய் முன்னால் வந்தாள். “நான்தான் தாயி ஒட்டினேன். இந்தப் பிள்ளைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது யாருன்னே எனக்குத் தெரியாது.”

“நீங்கள் யார்?”

“நாங்க பஸ்ஸுக்கு நிக்கோம்.”

தோப்புக்கு நடுவில் பஸ்ஸுக்கு நிற்கிறவளைக் கனகலட்சுமி பார்த்தார். சோலைச்சாமி, ஆமாம் என்று தலையாட்டினார்.

“எங்க பெரியம்மா மேடம்” என்றாள் அனுசியா. “நான்தான் உள்ள கூட்டிட்டு வந்தேன்.”

“கூறுகெட்டவளே” என்றாள் வெள்ளைத்தாய், பல்லைக் கடித்துக்கொண்டு.

ராம்கி மண்ணில் முழங்காலிட்டு இழை இழையாகத் தடவிக்கொண்டிருந்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். “இது பதினேழாம் இழை. ஆடிக் காத்துல போனது. இது அறும்னு நாலு நாள் இங்கேயே பாய் போட்டு உக்காந்திருந்தேன். சாப்பிடப் போன நேரத்துல அறுந்துபோச்சு.” நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. “எங்கே ஒட்டினீங்கம்மா? தடயமே இல்லையே!”

“தடயம் தெரிஞ்சா அதுக்குப் பேரு ஒட்டா?” என்றாள் வெள்ளைத்தாய். பெருமைப்பட வேண்டிய நேரம் இல்லை என்பது உடனே உறைத்தது. குரலை இறக்கினாள். “தப்புத்தான் தம்பி. தெரியாமச் செஞ்சிட்டேன்.”

“கத்தரி இருக்கா?” என்று சோலைச்சாமி கேட்டார். “நாப்பத்தொண்ணுதான? ரெண்டு நிமிசம்.”

“வெட்டக் கூடாதுங்க. அதுவா அறணும்.” ராம்கி நோட்டை மூடினான். “மூணு மாசம் போச்சு. மூணு மாசத்துல ஒரு இழைகூட அறுற அந்த நொடியில நான் பார்த்ததில்ல. எப்பவும் அறுந்த பிறகுதான் வந்து நிக்கிறேன். இன்னிக்கு அதுவும் இல்ல.”

கனகலட்சுமி, “அனுசியா, ஆபீசுக்கு வா” என்றார். தாழ்ந்த குரலிலேயே. அந்தக் கடிதம் இனி மேசையிலேயே கிடக்கும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. சிவகாசிக்காரர் வீட்டுப் பையனின் முகம் அனுசியாவின் கண்முன் வந்து, கொட்டாவி விட்டது.

வெள்ளைத்தாய் இழைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

“தம்பி, அத்துப்போறதைத்தான உனக்குப் பாக்கணும்? அந்தப் பழசு கெடக்கட்டும். இங்க வா. இடது பக்கம், மேலேயிருந்து ஆறாவது. அந்தத் துருக்கிட்டப் பாரு.”

“என்ன?”

“முறுக்கு விட்டுருச்சு. பஞ்சு எந்திரிச்சு நிக்கி பாரு, பூனை முடி மாதிரி. மலைக்காத்து எறங்குற நேரம். இன்னும் செத்த நேரந்தான் அதுக்கு.”

ராம்கி எழுந்து வந்தான். அவள் சொன்ன இடத்தில் கண்ணை வைத்தான். அவனுக்கு எல்லா இழையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அத்தபொறவு ஓடுனா மெமோ குடுப்பான் தம்பி. அதுக்கு முன்னாடியே தெரியணும்.”

ஆபீசுக்குக் கிளம்பிய கனகலட்சுமி நின்றார். அனுசியாவும் நின்றாள்.

வெள்ளைத்தாய்க்கு இப்போதுதான் விபரீதம் புரிந்தது. இழை அறுந்தால் கை தானாக அதை ஒட்டப் போகும். போகாமல் இருந்ததே இல்லை. இந்தக் கை போனால் பிள்ளையின் வேலை அதோடு போகும்.

“ஏங்க” என்றாள் மெதுவாக. “என் கையப் பிடிங்க.”

“எதுக்கு?”

“பிடிங்கன்னா பிடிங்க!”

சோலைச்சாமி புரிந்துகொண்டார். “கையைப் பின்னால கட்டுட்டி. இடது கை உள்ளங்கையில வலது கையை வை. நெஞ்ச நிமித்து. காலை அகட்டு. ஆங். இனிமே நான் சொன்னாத்தான் கை அசையணும்.”

நின்றாள். புருசன் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு அவர் ஊரெல்லாம் சொன்னார்.

காற்று வந்தது. முன்னூறு இழையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. ஆறாவது இழை இருந்தது. இன்னொரு காற்று. இருந்தது. ராம்கி இமைக்கவில்லை. கேமராவை மறந்துவிட்டிருந்தான். பஞ்சு இன்னும் கொஞ்சம் எழுந்தது. இழை அந்த இடத்தில் மெலிந்து, நீண்டு, ஒரு பிரி மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது.

“இப்ப” என்றாள் வெள்ளைத்தாய்.

அறுந்தது. சத்தமே இல்லை. இரண்டு முனையும் எதிரெதிராக விழுந்து, கொஞ்சம் ஆடி, தொங்கின.

வெள்ளைத்தாயின் தோள் குலுங்கியது. வலது கை இடது கையை இழுத்துக்கொண்டு புறப்பட்டது. சோலைச்சாமி இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்தார். “நில்லு... நில்லு...”

“அப்படியே தொங்குதுங்க.”

“தொங்கட்டும்.”

“பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதீகளே.” நெற்றியில் வியர்த்துவிட்டது.

ராம்கி வெகுநேரம் அந்த இரண்டு முனையையும் பார்த்தான். நோட்டைத் திறந்து, பழைய பக்கங்களைத் தள்ளிவிட்டு, புதுப் பக்கத்தில் தேதி போட்டான். மணி பார்த்தான். ஐந்து பன்னிரண்டு. ‘ஒன்று’ என்று எழுதினான்.

“மேடம், இன்னியிலேர்ந்து எண்ணுவோம். பங்குனி கடைசிவரைக்கும் தோப்புல இடம் குடுப்பீங்களா?”

கனகலட்சுமியும் அந்த இழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பலகையில் மாதத்தை மாற்ற வேண்டும். அனுசியா, திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிடு” என்றார்.

அனுசியாவுக்குத் திங்கட்கிழமை என்ற சொல் மட்டும் கேட்டது. “திங்கட்கிழமை நான் வரலாமா மேடம்?”

“வராமல் யார் எண்ணுவது? போகும்போது கடிதத்தை வாங்கிக்கொண்டு போ. எச்சரிக்கை இரண்டு என்று அதில் இருக்கும்.” இரண்டு அடி போய்த் திரும்பினார். “உங்கள் பெரியம்மாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடு. இந்த வழியாக வேண்டாம்.”

“அம்மா, அடுத்தது எது?” என்று ராம்கி அவசரமாகக் கேட்டான்.

“வலது பக்கம், கீழேயிருந்து ரெண்டாவது. ஆனா இன்னைக்குப் போகாது. போயிச் சாப்பிட்டுட்டு வா தம்பி, பயப்படாத.”

தலையில்லாத வெண்கலப் பெண்ணைச் சுற்றிக்கொண்டு, நீண்ட வழியாக நடந்தார்கள். சோலைச்சாமி கேட் வரைக்கும் மணிக்கட்டை விடவில்லை. அனுசியா வழியெல்லாம் சிரிப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக வந்தாள்.

“பெரியம்மா, அம்மாட்ட நீங்களே சொல்லிருங்க.”

கேட்டுக்கு வெளியே வந்ததும் வெள்ளைத்தாய் கையை விடுவித்து உதறினாள். போனை வாங்கினாள்.

“ஏட்டி அழகு, பிள்ளைக்கு வேலை நெலைச்சிருச்சு. சிவகாசிக்காரவுகளுக்குச் சொல்லி விட்டுரு, பேச்சு ரெண்டு வருசம் கழிச்சுத்தான்னு. ஆமா, சொன்ன சொல்லு சொல்லுதான்... குரல் ஏன் இப்பிடி இருக்குன்னா? ஒண்ணுமில்ல, அசதி. காலையில மலை ஏறினதா? அது எம்மாத்திரம்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “சாயந்தரம் ஒரு இடத்துல ஒண்ணுமே செய்யாம நின்னேன்டி. உசிரு போயி உசிரு வந்துச்சு.”